வரிசையில் வைத்த கூடை

அடைக்கலமேரி பாதி ஆயுசை வரிசையில் நின்றே தீர்த்தவள். தண்ணி லாரிக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை, காசிமேட்டில் ஐஸ் வாங்க வரிசை. போதாக்குறைக்கு, ராயபுரத்தில் அவள் வீட்டுத் தெருமுனையிலேயே போர்ட்டுக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் ராப்பகலாக வரிசை கட்டி நிற்கும். அதுகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுத்தான் கோயிலுக்கும் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். "நாசமாப் போற வண்டிங்க, நவுருதா பாரு" என்று அவள் திட்டாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவளிடம் போய், வரிசையே இல்லாமல் ஒரு டிக்கெட் வாங்கலாம் என்றால் நம்புவாளா?

"வரிசை இல்லாத டிக்கெட்டா? அப்ப எவன் முன்ன, எவன் பின்னன்னு யாரு பாப்பா?"

"கம்ப்யூட்டர் பாக்கும்மா" என்றாள் மகள் சாண்ட்ரா.

"அதுக்குக் கண்ணு கீதா?"

"உன்னோட ரோதனம்மா. மியூசியம் டிக்கெட்டெல்லாம் இப்ப போன்லதான். முன்னாடியே நாளு, நேரம் எல்லாம் பாத்து புக் பண்ணணும். அங்க போயி கேட்டா தர மாட்டாங்க. கவுண்ட்டரே கெடையாது."

மீன் விற்கிற பொம்பளைக்கு மியூசியத்தில் என்ன ஜோலி என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், புயல் வரப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நாளில், அவள் மகன் நெல்சன் தனியாகப் போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். விரித்த வலையை விட்டுவிட மனசில்லை. "தோ போயிட்டு வந்துர்றேம்மா" என்றான். வரவில்லை. உடம்பும் வரவில்லை, போட்டும் வரவில்லை. வெறும் பூசைதான் வைத்தார்கள், பெட்டி இல்லாமல், பேண்டு இல்லாமல், பின்னால் நடக்க ஊர் இல்லாமல்.

கல்லறைத் திருநாள் என்று நவம்பர் இரண்டாம் தேதி வருமே, அன்றைக்கு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். அவரவர் ஆட்களின் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்படித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். குடித்துச் செத்தவனுக்கும் அங்கே இடம் உண்டு, குத்துப்பட்டுச் செத்தவனுக்கும் உண்டு. நெல்சனுக்கு இல்லை. "உம் புருசன் கல்லறையிலயே புள்ளைக்கும் சேத்து ஏத்திட்டுப் போயேன்" என்று பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் சொல்லிப் பார்த்தாள். அடைக்கலமேரி கேட்கவில்லை. "அங்க அவருதான் கீறாரு. எம் புள்ள இல்லியே. இல்லாத எடத்துல ஏத்துனா அது அவனுக்கு எப்டிப் போய்ச் சேரும்?" ஒவ்வொரு வருஷமும் மகனுக்கென்று ஒரு மெழுகுவத்தி வாங்குவாள். ஏற்றாமலே வீட்டுக்குக் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாள்.

இப்படி இருக்கையில்தான், சாண்ட்ராவோடு வேலை செய்கிற ஒருத்தி, ஊருக்குத் தெற்கே புதிதாகத் திறந்திருக்கும் கடல் மியூசியத்துக்குப் போய் போட்டோ எடுத்துப் போட்டாள். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு நீல ஃபைபர் போட். போட்டின் பின்பக்கம், வெள்ளைப் பெயிண்டில் ஒரு கை.

அடைக்கலமேரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கயிறு இழுக்கிற மெஷினில் நெல்சனுக்கு அறுந்த விரல். போட்டுக்குப் பெயிண்ட் அடித்த அன்றைக்கு ஈரக்கையைப் பச்சென்று வைத்துவிட்டுச் சிரித்தான். "புது போட்டக் கலீஜ் பண்ணிட்டியேடா பாவி" என்று இவள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தக் கைதான். அவள் அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

ஆந்திராப் பக்கம் கரை ஒதுங்கியதாம். கை மாறிக் கை மாறி, புயலைப் பற்றி இந்த மியூசியம் நடத்துகிற கண்காட்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 'உரிமையாளர் தெரியவில்லை' என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெற்றவள் இங்கே கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், உரிமையாளர் தெரியவில்லையாம்! சாண்ட்ரா மெயில் போட்டாள். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

"கருத்தும் வேணாம், போட்டும் வேணாம்" என்றாள் அடைக்கலமேரி. "அந்தக் கை மேல எங்கைய வெச்சி ஒரு தபா அழுவணும். பக்கத்துல ஒரு வத்தி ஏத்தணும். அதாண்டி எம் புள்ளைக்குக் கல்லற."

"தொடவே விட மாட்டாங்கம்மா. வத்தி எப்டி?"

"நீ டிக்கெட்ட எடு. மத்தத நா பாத்துக்குறேன்."

டிக்கெட்டை எடு என்று சொல்வது லேசு. புதன்கிழமை காலையில் அடுத்த வாரத்துக்குத் திறப்பார்கள். சாண்ட்ரா வேலை செய்கிற மொபைல் கடையில் முதலாளி கண்ணில் படாமல் குனிந்து அமுக்குவாள். சக்கரம் சுற்றும். ஓ.டி.பி. வரும்போது இடம் போயிருக்கும். 'அனைத்து அனுமதிகளும் முடிந்தன' என்று அழகான பச்சை எழுத்தில் வரும். செப்டம்பர் போனது, அக்டோபரும் போய்க்கொண்டிருந்தது. கண்காட்சி நவம்பர் இரண்டோடு முடிகிறது. அதற்கப்புறம் போட்டைக் கப்பலில் ஏற்றி ஏதோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அடைக்கலமேரிக்குச் சோறு இறங்கவில்லை. கூடையில் மீனை வைத்துக்கொண்டு வாங்க வந்தவர்களிடமே, "உனக்கு மியூசியத்துல யார்னா தெரியுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

கடைசியில் கைகொடுத்தவன், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜெரிதான். தட்கல் டிக்கெட்டில் பழகின கை. இரண்டு டிக்கெட் விழுந்தது. கடைசி நாள், நவம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி.

"கல்லறைத் திருநாள் அன்னிக்கேவா!" என்று அடைக்கலமேரி அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். "மாதாவே போட்டுக் குடுத்த நாள்டா இது."

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் புருஷன் கல்லறைக்குப் போய்ப் பூப்போட்டாள். அங்கிருந்து நேராக பஸ் பிடித்துவிட்டாள். சாண்ட்ரா கடையிலிருந்து மூன்றரைக்கு வந்து சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. அம்மாவும் மூன்றரைக்கு வந்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யார் கேட்டது? வெயில் உச்சிக்கு வருமுன்னே அடைக்கலமேரி மியூசியம் வாசலில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் ஒயர் கூடை. உள்ளே மல்லிப்பூ, மாதா படத்துக்குப் பின்னால் இருந்த மெழுகுவத்திகள் எல்லாம், தீப்பெட்டி, நெல்சனுக்குப் பிடிக்கும் என்று ஒரு எவர்சில்வர் டப்பாவில் நெத்திலி வறுவல்.

வாசல் காவல்காரர் அவள் போனை வாங்கிப் பார்த்தார். "உங்க டைம் நாலு மணிம்மா. அப்ப வாங்க."

"வரிசைல நிக்கிறேன் நைனா."

"வரிசையே கெடையாதும்மா. நாலு மணிக்கு வந்தா நேரா உள்ள போலாம்."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். இவளுக்குத்தான் ஒப்பவில்லை. டோக்கன் இருக்கிறது என்று வீட்டில் குந்திக்கொண்டிருந்து, தண்ணி கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றாள். நாலு மணி வரிசைக்கு அவள்தான் முதல் ஆள். இரண்டாவது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நின்றாள், நின்றாள். கால் வீங்கியது. சர்க்கரை உடம்பு, அடக்க முடியவில்லை. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் தெருவில் இது காரியமே இல்லை. தண்ணி லாரிக்கு நிற்கும்போது அடுப்பில் உலை வைத்திருந்தால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அடுத்தவள் குடத்தை எவளாவது நகர்த்தினால் அன்றைக்குத் தெருவே ரெண்டுபடும். அதே நினைப்பில், கூடையை வரிசையில் வைத்தாள். போன முறை கட்டணக் கழிப்பிடத்தில் போன் குழிக்குள் விழப் பார்த்தது ஞாபகம் வர, போனையும் துண்டில் சுற்றி டப்பாவுக்கு அடியில் செருகினாள். பக்கத்தில் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு நின்ற பெண்ணிடம், "கூடையப் பாத்துக்கம்மா, தோ வந்துர்றேன்" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டியது. பாட்டுக்கு ஆட்டிய தலை என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

கழிப்பிடத்திலும் கூட்டம். வெளியே வந்தவள் ஒரு டீ குடித்தாள். நிழலில் காலை நீட்டினாள். கூடைதான் இடம் பிடித்து வைத்திருக்கிறதே, என்ன அவசரம்? கண் ஒரு சொடுக்கு அசந்துவிட்டது.

எழுந்து வந்தால் வாசலில் ஒரு ஈ காக்காய் இல்லை. எதிர்சாரியில் ஜனம் நெரிகிறது. குறுக்கே கயிறு கட்டி போலீஸ் நிற்கிறது. ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

"இன்னாங்க ஆச்சு?"

"எவனோ கூடைல குண்டு வெச்சிட்டுப் போயிட்டானாம். உள்ள இருந்தவங்களையெல்லாம் வெளிய தொரத்திட்டாங்க. ஒயரு, ஸ்டீல் டப்பா எல்லாம் கீதாம்."

"அடப்பாவி, நல்லாருப்பானா அவன்!" என்று அடைக்கலமேரியும் திட்டினாள். அப்போது காலியான வாசலிலிருந்து மாதா பாட்டு கேட்டது. ஜனம் 'ஐயோ' என்று பின்னால் சாய்ந்தது. பாட்டு நின்றது. மறுபடி பாடியது. அது அவள் போன். அம்மாவைக் காணோமே என்று கூட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து சாண்ட்ரா விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அடைக்கலமேரி கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். "சார், அது என் கூட சார்! குண்டு இல்ல சார், நெத்திலி! நெத்திலி சார்!"

ரெண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள். கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் திட்டியது. "இதுக்காடி எங்க சாயங்காலத்தப் பாழாக்குன?" என்று குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தி கத்தினாள். எங்கேயோ இருந்து வந்திருப்பாள், அவளும் எத்தனை புதன்கிழமை அமுக்கினாளோ.

வேனில் உட்காரவைத்துக் கேட்டார்கள். பேர், ஊர், மகன், போட், கை, எல்லாம் சொன்னாள். எஸ்.ஐ. அம்மா சின்ன வயசு, கெட்டவள் இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள். தீப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே இப்டி வெக்காதீங்கம்மா. போங்க."

"நாலு மணி ஆவப் போதும்மா. உள்ள உடச் சொல்லுங்க."

"உள்ள முழுக்கத் தேடணும். இன்னிக்கு மூடியாச்சு."

அதைத்தான் ஒலிபெருக்கியும் சொல்லிக்கொண்டிருந்தது. டிக்கெட் வைத்திருப்பவர்கள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. அடைக்கலமேரி காவல்காரர் காலிலேயே விழுந்தாள்.

"வேற தேதில வரலாம்மா, எழுந்திரிங்க" என்று அவர் பதறினார்.

"வேற தேதில எம் புள்ள இருக்க மாட்டானே சார்! தொட மாட்டேன் சார். வத்தி ஏத்த மாட்டேன். வாசப்படியாண்ட நின்னு பாத்துட்டு வந்துர்றேன். எல்லாரும் போன அப்பால கூட வரேன். கூட்டிப் பெருக்கற மாதிரி வரேன் சார்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சாவி அவரிடம் இல்லை. "பேக் பண்றவங்க வந்துட்டாங்கம்மா. விடிஞ்சா போர்ட்டுக்குப் போவுது. என்னால ஆவாது."

அம்மாவும் மகளும் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வெடித்தது. தலை தலையாக அடித்துக்கொண்டாள். "நானே கெடுத்துக்கினேனே! எங்கையால எம் புள்ளைக்குக் கதவச் சாத்திட்டேனே! எவனும் செய்யல, நாந்தாண்டி, நாந்தான்!" சாண்ட்ரா கையைப் பிடித்து இழுத்தாள். தானும் சேர்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒரு டிரெய்லர் ஆரன் அடித்தது. அடைக்கலமேரி சட்டென்று நிறுத்தினாள்.

"போர்ட்டுக்குன்னு தானடி சொன்னாரு? போர்ட்டுக்குன்னா இந்த வழியாத்தான வந்தாவணும்?"

மறுநாள் விடியற்காலையிலேயே கூடையோடு தெருமுனைக்கு வந்துவிட்டாள். சாண்ட்ரா கடைக்கு லீவ் சொன்னாள். டிரெய்லர்கள் வந்தன, நின்றன, ஒரு முழம் நகர்ந்தன. எல்லாம் கண்டெய்னர். சிவப்பு, நீலம், துருப்பிடித்தது. ஒன்றிலும் உள்ளே என்ன என்று எழுதவில்லை.

"கண்டெய்னர் உள்ள வெச்சிருந்தா எப்டிம்மா தெரியும்?" என்றாள் சாண்ட்ரா. கேட்டிருக்கக் கூடாது. அம்மாக்காரி ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கையால் தட்ட ஆரம்பித்தாள். "நெல்சா... டேய் நெல்சா..." தகரம் டொம்மென்றது. டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "யாரும்மா நீ, தள்ளிப் போ" என்றான் ஒருவன். இன்னொருவன் பைத்தியம் என்று நினைத்துத் தண்ணி பாட்டில் கொடுத்தான். சிலுவையம்மாள் வந்து கூப்பிட்டும் போகவில்லை. உள்ளங்கை சிவந்து வீங்கிவிட்டது. மத்தியானம் திரும்பியது. அவள் தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு வண்டி வந்தது. கண்டெய்னர் இல்லை, திறந்த டிரெய்லர். பச்சைத் தார்ப்பாய் போர்த்தி, கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு சீல். தார்ப்பாய் முன்னால் குவிந்து பின்னால் அகன்று இருந்தது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டுமா?

டிரைவர் ஜெயவேல், வியாசர்பாடிக்காரன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். "யம்மா, கயித்த அவுத்தா எம் பொழப்பு பூடும். சீல் கீது பாரு. எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது."

"அவுக்க வேணாம் நைனா. சும்மா பக்கத்துல நிக்கிறேன்."

அவன் முன்னால் பார்த்தான். வரிசை அசையக் காணோம். இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து, பின்பக்கம் ஓர் ஓரத்தில் தார்ப்பாய் கொஞ்சம் தளர்ந்திருந்த இடத்தில் போய் நின்றான். ஒரு கை நுழையும், அவ்வளவுதான். "இந்தப் பக்கம் காத்து பூந்து தொளதொளன்னு கீது. நா டீ குடிச்சிட்டு வரேன். நீ எதனா பண்ணு, நா பாக்கல." போகிற போக்கில் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கூடையில் போட்டான். "வண்டியாண்ட மட்டும் ஏத்தாத. பாய் பத்திக்கும்."

அடைக்கலமேரி டிரெய்லரின் விளிம்பில் காலை வைத்து ஏறினாள். சாண்ட்ரா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தார்ப்பாய்க்குள் கையை விட்டாள். ஒன்றும் தெரியவில்லை, இருட்டு. வழவழவென்று ஃபைபர்தான் தட்டுப்பட்டது. தடவினாள். இன்னும் கீழே. இன்னும் பின்னால். தோள்பட்டை வரைக்கும் நுழைத்தாள். விரல் நுனியில் தடிப்பாக ஏதோ இடறியது. பெயிண்ட் காய்ந்த ஓரம். கட்டைவிரல். அப்புறம் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் பாதி.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கென்று ரெண்டு மாசமாகச் சேர்த்து வைத்திருந்தவள், கையை அந்தக் கையின் மேல் வைத்துக்கொண்டு, "சாப்டியாடா?" என்று கேட்டாள்.

அப்போது முன்னால் ஒரு எஞ்சின் உறுமியது. அதற்கு முன்னால் இன்னொன்று. இத்தனை வருஷத்தில் அன்றைக்கென்று பார்த்து வரிசை நகர ஆரம்பித்தது. "நவுராதே, ஆண்டவரே, நவுர உடாதே" என்றாள் அடைக்கலமேரி. ஜெயவேல் டீயைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறினான். கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஆரன் அடிக்கவில்லை. நடக்கிற வேகத்துக்கு வண்டியை விட்டான்.

அவள் இறங்கி, கையைத் தார்ப்பாய் ஓரத்தில் வைத்தபடி கூடவே நடந்தாள். சாண்ட்ரா பின்னால் நடந்தாள். சிலுவையம்மாள் என்ன ஏதென்று சாண்ட்ராவைக் கேட்டாள், அடுத்த நிமிஷம் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவளும் சேர்ந்துவிட்டாள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஜெரி சென்டரை அப்படியே போட்டுவிட்டு வந்தான். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். யார் ஆரம்பித்தார்களோ, ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஜனம் சேர்ந்துகொண்டே போனது. நாலு வருஷம் கழித்து நெல்சனுக்குப் பின்னால் ராயபுரம் நடந்தது.

போர்ட் கேட்டில் காவலுக்கு நின்றவர் கையை நீட்டினார். "வண்டி மட்டும் போலாம். ஆளுங்களுக்குப் பாஸ் இருக்கா? முன்னாடியே எடுத்திருக்கணும்."

சாண்ட்ராவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடைக்கலமேரி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தார்ப்பாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

"வேணாம் நைனா. இதுக்கு மேல அவனே போய்க்குவான். அவனுக்கு வழி தெரியும்."

வண்டி உள்ளே போய்த் திரும்பி மறைந்தது. அவள் கேட்டின் சுவரோரமாகக் குந்தினாள். கூடையிலிருந்து மெழுகுவத்திகளை எடுத்து, ஒவ்வொரு வருஷத்துடையதையும் வரிசையாகத் தரையில் நட்டாள். கடல் காற்று முதல் குச்சியை அணைத்தது. சிலுவையம்மாள் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். அடைக்கலமேரி இன்னொரு குச்சியைக் கிழித்தாள்.